ஆஸ்பத்திரித் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சீரமைப்பு வேலை இந்த ஆனியோடு முடிந்தது. போன வருஷம் தை மாதம் சிவன் கோயில் குடமுழுக்கு முடிந்த கையோடு, அதே குழு இந்த வேலையையும் எடுத்துச் செய்ய வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் சொன்னீர்கள். "சாமிக்குச் செஞ்சாச்சு, இனி பிள்ளை பெறுற இடத்துக்குச் செய்யுங்க" என்று அன்றைக்கு எழுந்து நின்று சொன்ன பாட்டியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இதற்கும் திருப்பணி என்றே பெயர் வைத்தது அந்தப் பேச்சுக்காகத்தான்.

முதலில் பணக் கணக்கு. நமக்கு நாமே திட்டத்தில் வேலையை எடுத்ததால், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டினோம், மீதியை அரசு தந்தது. திட்டத்துக்குள் வராத சில்லறை வேலைகளை நம் கையிருப்பிலிருந்து செய்தோம். வரவு செலவு முழுவதும், தணிக்கையாளர் கையெழுத்தோடு, தனித்தாளாக இத்துடன் வருகிறது. ரசீதுகள் எல்லாம் பொருளாளர் வீட்டில் இருக்கின்றன. எந்த நாளும் போய்ப் பார்க்கலாம். அதனால் பணத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை. என்ன கட்டினோம், ஏன் அதைக் கட்டினோம் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நீங்கள் ஒப்புதல் கொடுத்த வரைபடம் வேறு, இப்போது நிற்கிற கட்டடம் வேறு.

நீங்கள் ஒப்புதல் கொடுத்ததில் முகப்பு வளைவு இருந்தது, கூடம் முழுக்கக் கிரானைட் தரை இருந்தது, வாசலில் நன்கொடையாளர் கல்வெட்டு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வட்டார மருத்துவ அலுவலரைப் பார்க்கப் போனோம். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இங்கே வந்து படுத்துட்டுப் போனவங்ககிட்ட கேட்டீங்களா?" நாங்கள் கேட்டிருக்கவில்லை. குழுவில் இருந்த பதினோரு பேரில் ஒருவர்கூட அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. எங்கள் வீடுகளில் காய்ச்சல் வந்தால் டவுனுக்குப் போவதுதான் வழக்கம். இதை எழுதுவதற்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் உறுப்பினர்களுக்குத் தெரிய வேண்டும்.

கேட்பது என்று முடிவு செய்த பிறகும் முதல் தடவை தவறாகத்தான் செய்தோம். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, தண்டோராவும் போட்டோம். நாற்பது பேர் வந்தார்கள், எல்லாரும் ஆண்கள். காலனித் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அதிகம் வருகிறவர்கள் அந்தத் தெருவினர்தான், அதிலும் பெண்கள். அவர்கள் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடமா அந்த மண்டபம் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. கிராம சுகாதார செவிலியர்தான் அதை நேராகச் சொன்னார். அப்புறம் ஆஸ்பத்திரி வளாகத்துப் புங்கமரத்தடிக்குக் கூட்டத்தை மாற்றினோம். ஒரே கூட்டமாகப் போடாமல் மூன்றாகப் பிரித்தோம். பெண்கள் தனியாக, ஊழியர்கள் தனியாக, மற்றவர்கள் தனியாக. ஊழியர் கூட்டத்திலும் டாக்டர் தாமாகவே எழுந்து வெளியே போய்விட்டார். "நான் இருந்தா பேச மாட்டாங்க" என்றார். அவர் போன பிறகுதான் துப்புரவுப் பணியாளர் வாயைத் திறந்தார். பிரசவ அறையைக் கழுவ, பின்பக்கக் குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வருவதாகச் சொன்னார். ஒரு பிரசவத்துக்கு எட்டுக் குடம். பிரசவ அறைக்குள்ளேயே ஒரு குழாய் என்பது எங்கள் மதிப்பீட்டில் எங்குமே இல்லை.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வந்தவர்களோடு நடந்த பேச்சுத்தான் வரைபடத்தையே மாற்றியது. பிரசவ நேரத்தில் பெண்ணோடு ஓர் உறவுக்காரப் பெண் உடன் இருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2004-லேயே அனுமதித்துவிட்டது. அப்படி உடன் வந்த தாய்மார்கள் பேசினார்கள். உள்ளே நிற்கலாம், ஆனால் உட்கார ஒரு ஸ்டூல் இல்லை. ராத்திரி முழுக்க மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றார் ஒருவர். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. மகள் உள்ளே போனால் அம்மா வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அம்மா போனால் யார் பிடிப்பது? நிறைமாதப் பெண் குத்தவைத்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு பிடி கிடையாது. கூடத்துக்கும் கழிப்பறைக்கும் இடையில் விளக்கு இல்லாத பதினைந்து அடி. அந்தப் பதினைந்து அடியைப் பற்றி மட்டும் ஆறு பெண்கள் தனித்தனியாகச் சொன்னார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே முகப்பு வளைவைக் கைவிட்டோம். குழுவில் இரண்டு பெரியவர்களுக்கு அதில் மனவருத்தம். வெளியூர்க்காரர்கள் வந்தால் அடையாளம் வேண்டாமா என்று கேட்டார்கள். பெண்கள் கூட்டத்தில் எழுதிக்கொண்ட குறிப்பை அவர்களிடம் முழுவதும் வாசித்துக் காட்டினோம். சரி என்றார்கள். அவர்களில் ஒருவர்தான் பிறகு ஸ்டூல்களையும் சாய்வு பெஞ்சையும் தன் மரத்திலேயே செய்து கொடுத்தார்.

ஆக, இப்போது பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே புதுக் கழிப்பறை இருக்கிறது. உள்தாழ்ப்பாள், இரு பக்கமும் எஃகுக் கைப்பிடி, ராத்திரி முழுக்க எரியும் விளக்கு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து பிரசவ அறைக்குள் நேரே குழாய். உடன் வருபவர் உட்கார இடம், வெளியே ஆண்கள் காத்திருக்கக் கூரை போட்ட திண்ணை. மேல்தளம் ஒழுகியதால் பழைய தளத்தைக் கொத்தி எடுத்துவிட்டுத் தட்டு ஓடு பதித்தோம். ஐப்பசி மழைதான் அதைச் சோதிக்கும். மின்வயர் முழுவதும் மாற்றினோம்.

சாய்வுதளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்கு இரண்டு தடவை செலவாயிற்று. வாசல் படி இரண்டடி உயரம். கொத்தனார் எட்டடி நீளத்தில் சாய்வு போட்டுப் பளபளவென்று பூசிவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பூச்சு காய்ந்ததும், சக்கர நாற்காலியில் வரும் நம்மூர்த் தையல்காரரைக் கூப்பிட்டு ஏறச் சொன்னோம். பாதியில் நாற்காலி பின்னுக்கு வந்தது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு என்று அவரே சொன்னார். அப்படியானால் இரண்டடிக்கு இருபத்துநாலு அடி. உடைத்துவிட்டு, நடுவில் ஒரு திருப்பம் வைத்துச் சொரசொரப்பாக மறுபடி கட்டினோம். அவரை வரைபடம் போடும்போதே கூப்பிட்டிருந்தால் அந்தச் செலவு மிச்சமாகியிருக்கும்.

மருந்து கொடுக்கும் இடம் கட்டட வேலையில் சின்னதுதான், ஆனால் அதில் எங்களுக்கு நிறைவு அதிகம். பழைய ஜன்னல் ஒரு கை நுழையும் அளவு. "எனக்குத் தெரிவது கைகள் மட்டும்தான்" என்றார் மருந்தாளுநர். "எந்தக் கை யாருடையது, யாருக்குக் காது கேட்கும், யாருக்குக் கண் தெரியும், ஒன்றும் தெரியாது. மாத்திரையை வைத்துவிட்டு அடுத்த கை." வெளியே இருப்பவர்களோ, மருந்தாளுநர் முகம் கொடுத்தே பேசுவதில்லை என்று குறைப்பட்டார்கள். இரண்டு தரப்பும் சொன்னது ஒரே சுவரைப் பற்றி. அந்தச் சுவரை மூன்றடி அகலத்துக்குத் திறந்து, இடுப்பளவு உயரத்தில் மேடை வைத்து, வெளிப்பக்கம் ஒரு பெஞ்சு போட்டோம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைக் கவரில் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று படம் போடுவது மருந்தாளுநரின் யோசனை. முத்திரைக் கட்டையை நம் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர் வெட்டிக்கொடுத்தார்.

நடவுக்குப் போகிறவர்கள் சொன்னதற்குக் கட்டட வேலையால் பதில் இல்லை. காலை ஏழு மணிக்கு வயலில் இறங்கினால் திரும்ப மூன்று மணி. சாப்பிடாமல் வந்து சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்றால் ஒரு நாள் கூலி போகும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நம்மூருக்கும் வந்து, மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதில் யாருக்கும் குறை இல்லை. பரிசோதனைதான் பிரச்சினை. லேப் நுட்பநர் டாக்டரோடு பேசி, வாரத்தில் ஒரு நாள் விடிகாலையில் வந்து ரத்தம் எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். நாங்கள் செய்தது, அவர் பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல் வர வண்டி ஏற்பாடு செய்தது மட்டும்தான்.

அடுத்தது பாம்புக்கடி. போன கார்த்திகையில் நடந்த தகராறு எல்லாருக்கும் தெரியும். வரப்பில் விரியன் கடித்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நர்ஸ் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்துவிட்டு இருபது நிமிஷம் பொறுக்கச் சொன்னார். உறவினர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆள் துடிக்கும்போது ரத்தத்தை வைத்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்று சத்தம் போட்டு, மேஜையைத் தள்ளிவிட்டார்கள். கடிபட்டவர் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த நர்ஸ் இரண்டு வாரம் ராத்திரி வேலைக்கு வரப் பயந்தார்.

அதைப் பற்றிப் பேசத்தான் கடைசிக் கூட்டத்தை இரு தரப்பையும் சேர்த்துப் போட்டோம். டாக்டர் ஒரு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் விட்டு, ஆட்டாமல் இருபது நிமிஷம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம் உள்ளே வேலை செய்கிறது, உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். உறைந்திருந்தாலும் விட்டுவிடுவதில்லை, திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். நாகமும் கட்டுவிரியனும் கடித்தால் இந்தக் குழாய் காட்டிக்கொடுக்காது. கண்ணிமை சரிகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும். விஷமே ஏறாத கடிக்கு முறிவு மருந்து கொடுத்தால் அதனாலேயே ஆபத்து வரலாம். இவ்வளவும் கேட்ட பிறகு, மேஜையைத் தள்ளிய இளைஞர் எழுந்து அந்த நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானே கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னிருப்பேன்க்கா" என்றார்.

அவர் சொன்னதையே செய்துவிட்டோம். அவசர சிகிச்சை அறையில், உறவினர் நிற்கும் பக்கத்துச் சுவரில், பெரிய எண்கள் போட்ட கடிகாரம் மாட்டியிருக்கிறது. குழாய் வைத்த நேரத்தை நர்ஸ் பக்கத்துப் பலகையில் எழுதி, உறவினர் ஒருவரை அங்கேயே நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார். கட்டுப்போட்டு இறுக்காதே, கீறாதே, ஆட்டாமல் கொண்டு வா என்று வாசலில் படத்தோடு பலகையும் வைத்திருக்கிறோம். சித்திரையில் ஒரு கடி வந்தது. சத்தமே இல்லாமல் இருபது நிமிஷமும் போயிற்று.

ஊழியர்கள் கேட்டதில் காம்பவுண்டுச் சுவரும், பூட்டக்கூடிய கேட்டும், ராத்திரி நர்ஸுக்கு உள்ளிருந்து தாழிடும் ஓய்வறையும் முடிந்தன. ராத்திரியிலும் டாக்டர் தங்குவது நம் கையில் இல்லை. மனு கொடுத்திருக்கிறோம். வளாகத்துத் தண்ணீர் வடியும் வாய்க்காலும் முடியவில்லை. அது அடுத்த நிலத்தின் வழியாகப் போக வேண்டும், உரிமையாளரோடு பேச்சு நடக்கிறது.

சில உறுப்பினர்கள், இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, நாம் ஏன் உள்ளே போக வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சம்பளமும் மருந்தும் அரசு தர வேண்டியவைதான், அதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஊர்க்காரர்கள் உள்ளே போவது புது வழக்கம் அல்ல. சுதந்திரத்துக்கு முன்பே, 1946-இல் வந்த, சர் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான குழுவின் அறிக்கை, கிராமந்தோறும் சுகாதாரக் குழு வேண்டும் என்றது. 1978-இல் அன்றைய சோவியத் நாட்டு நகரமான அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி, தங்கள் மருத்துவ சேவையைத் திட்டமிடுவதில் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று எழுதிவைத்தன. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் வழியாக ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளர் நலச் சங்கமே இருக்கிறது. நம்மூரிலும் அது இருந்தது, கையெழுத்துக்காகக் கூடும் அளவில். இந்த வேலை முழுவதும் அந்தச் சங்கத்தின் தீர்மானங்கள் வழியாகவே நடந்தது. இனி அதில் காலனித் தெருவிலிருந்து இரண்டு பெண்களும், துப்புரவுப் பணியாளரும், நம் தையல்காரரும் அழைப்பின் பேரில் உட்கார்வார்கள்.

கல்வெட்டு வைக்கவில்லை. மின்விசிறியிலும் பெஞ்சிலும் உபயம் என்று எழுதவில்லை. நன்கொடை தந்த அத்தனை பேரின் பெயரும், நூறு ரூபாய் தந்தவர் முதல், கணக்குத் தாளில் இருக்கிறது. அதற்குப் பதிலாகக் கூடத்துச் சுவரில் ஓர் இடத்தை, இன்றைக்கு என்னென்ன மருந்து இருப்பில் இருக்கிறது என்று எழுதும் கரும்பலகைக்குக் கொடுத்துவிட்டோம். தினமும் காலையில் மருந்தாளுநர் எழுதுகிறார்.

மாதத்தின் முதல் செவ்வாய் பத்து மணிக்குப் புங்கமரத்தடியில் கூட்டம் தொடரும். குழுவிலிருந்து இருவர் முறை வைத்து வர வேண்டும். ஆடி, ஆவணி முறை யாருக்கு என்று தாளின் பின்பக்கம் இருக்கிறது. மிஞ்சிய தட்டோடும் இரண்டு மூட்டை சிமென்ட்டும் பின்கொட்டகையில் பூட்டியிருக்கின்றன. சாவி ராத்திரி நர்ஸ் அறையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர், குழுவின் சார்பாக