செயலாளரின் ஆண்டறிக்கை: ஐந்து ரக பீட்ரூட்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் தோட்டச் சங்கத்தின் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தா வழக்கம்போல் தாமதமாக வந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். என் பங்குக்கு உள்ளது பீட்ரூட்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி ஐந்து ரகங்களை விதைத்தோம். 1892-இல் அறிமுகமான டெட்ராய்ட் டார்க் ரெட், நீண்ட உருளை வடிவ சிலிண்ட்ரா, கருஞ்சிவப்பு இலை கொண்ட புல்ஸ் பிளட், மஞ்சள் நிற பர்ப்பீஸ் கோல்டன், குறுக்கே வெட்டினால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் வளையங்கள் தெரியும் கியோஜா. கடைசிப் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதிலேயே ஒரு கூட்டம் கழிந்தது. அது வெனிஸுக்குத் தெற்கே உள்ள ஒரு மீன்பிடி ஊரின் பெயர். ‘கியோஜா’ என்பதே சரி.

விதைத்த பத்தாம் நாளே புகார்கள் தொடங்கின. "ஒன்று ஊன்றினேன், மூன்று முளைத்திருக்கிறது." விதையில் குறையில்லை. நாம் விதை என்று எடுப்பது காய்ந்து இறுகிய ஒரு கொத்து. அதற்குள் இரண்டு முதல் ஐந்து விதைகள் வரை இருக்கும். ஆகவே கூடுதல் நாற்றுகளை நீக்கிக் கலைத்துவிட்டே தீர வேண்டும். செடிக்குச் செடி சுமார் 10 செ.மீ. விடுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினேன். பலருக்கு மனம் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை: என் சிலிண்ட்ரா பாத்தியிலும் இரக்கப்பட்டு விட்டுவைத்தேன். விரல் தடிமனில் பின்னிக்கிடந்த வேர்கள்தான் கிடைத்தன. கலைத்தவர்களிலும் சிலர் வேரோடு பிடுங்கி, பக்கத்துச் செடியையும் அசைத்துவிட்டார்கள். கத்தரியால் மண்மட்டத்தில் நறுக்குவதே நல்லது.

டெட்ராய்ட் யாரையும் கைவிடவில்லை. மஞ்சள் ரகம் பொக்கைவாய்போல் இடைவெளி விட்டு முளைத்தது. அதன் முளைப்புத்திறன் குறைவு என்பது தெரிந்ததே. அடுத்த முறை சற்று நெருக்கமாக விதைப்போம். கியோஜாவின் வளையங்கள் வேகவைத்ததும் வெளிறிவிட்டதாக ஓர் உறுப்பினர் வருந்தினார். அதன் இயல்பு அது. தழைச்சத்தை அள்ளிப் போட்டவர்களுக்கு இலை செழித்தது, கிழங்கு சிறுத்தது.

ஐந்து ரகங்களிலும் சொந்தமாக விதை எடுக்கலாம் என்ற தீர்மானம் இன்று வரவிருக்கிறது. நான் அதை எதிர்க்கிறேன். பீட்ரூட் ஈராண்டுப் பயிர். பல வாரக் குளிர் பட்ட பிறகே பூக்கும். மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். ஒரே இனமான, சர்க்கரை எடுக்கப் பயிரிடும் சர்க்கரை பீட்டோடும் சார்டு கீரையோடும்கூடக் கலக்கும். ஐந்தையும் ஒரே தோட்டத்தில் பூக்கவிட்டால் மறு ஆண்டு விளைவது எந்த ரகம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்போம். என் வாக்கு டெட்ராய்டுக்கு.

மீதமுள்ள விதைகள் ஈரம் புகாத டப்பாக்களில் என்னிடம் உள்ளன. வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். சந்தா பாக்கி உள்ளவர்கள் முதலில் பொருளாளரைப் பார்க்கவும்.

செயலாளர்