அத்தை கணக்கு

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. உன் தங்கை வந்து இருந்துவிட்டுப் போனாள். நீ மனை வாங்க முன்பணம் கொடுத்திருக்கிறாய் என்பதே அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. மிகவும் சந்தோஷம். நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அத்தையும் போனில் பேசினார். உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். "பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறான், எனக்கு ஒரு கவலையும் இல்லை" என்றார். பேச்சோடு பேச்சாக, மாடி வாடகை இப்போது உன் கணக்கிலேயே வருகிறது என்றும் சொன்னார். அவருக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தே வயதைக் கழித்த எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தவறாக எடுத்துக்கொள்ளாதே, பொதுவாகத்தான் எழுதுகிறேன். அத்தையின் பணம் அத்தை பெயரில் உள்ள கணக்கில்தான் வந்து விழ வேண்டும். மருந்து வாங்குவதும் வீட்டு வரி கட்டுவதும் நீயாக இருக்கட்டும். ஆனால் இரண்டு பேர் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், எந்த ரூபாய் யாருடையது என்று பிறகு உன்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. திருட வேண்டும் என்று திட்டமிட்டு எடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அடுத்த மாதம் போட்டுவிடலாம் என்று எடுத்தவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அத்தை உனக்கு எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தை முழுதாகப் படித்தாயா? அத்தைக்காகச் செய்யும் அதிகாரம்தான் அதில் இருக்கிறது. அதனால் வீட்டில் உனக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமாகாது. பவர் கையில் இருப்பதால் சொத்து கைமாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்தான் இதற்கெல்லாம் இன்றும் அடிப்படை. பவர் கொடுத்தவர் கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். அவருக்குத் தெரியாமல் அவர் காரியத்தில் நீ லாபம் பார்த்தால், அந்த லாபத்தையும் அவர் கேட்டு வாங்கலாம். சட்டப்படி, கேட்கும்போது காட்டினால் போதும். அத்தை உன்னிடம் கணக்குக் கேட்பாரா? ஆயுளுக்கும் கேட்கமாட்டார். அதனால்தான் அவர் கேட்காமலேயே நீ காட்ட வேண்டும் என்கிறேன்.

நீ போய்வரும் பஸ் செலவை அத்தை பணத்திலிருந்து எடுத்துக்கொள், தப்பே இல்லை. அவர் வேலைக்காக உன் கையிலிருந்து போனதை நீ கழித்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் எழுதிவிட்டு எடு. குடியிருப்பவர் கொடுத்த அட்வான்ஸைத் தொடாதே. அது அத்தைக்கே சொந்தமில்லை, அவர்கள் காலி செய்யும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம்.

உன்னை எனக்குத் தெரியாதா? விடுதியில் படிக்கும்போது பஸ் டிக்கெட்டைக்கூட ஒட்டிக் கணக்கு அனுப்பிய பிள்ளை நீ. அப்பா அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறார், வருகிறவர்களிடம் எடுத்தும் காட்டுவார். அந்தப் பிள்ளைக்கு இன்று அத்தை வாடகைக்கு ஒரு நோட்டுப் போட நேரமில்லை என்றால்... சரி, விடு. உன் வேலைப் பளு எனக்கும் தெரியும்.

இன்னொன்று. அன்று அத்தை கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். வயதின் மறதியாகவே இருக்கட்டும். நாளைக்கு நினைவு தவறினால்தான் பவர் உதவும் என்று நீ நினைத்திருப்பாய். நேர் எதிர். எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் பவர் அதோடு முடிந்துவிடும், அதே சட்டத்தின் 201-ஆம் பிரிவு. அப்புறம் காப்பாளரை நியமிக்கக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும். எத்தனையோ குடும்பங்கள் அப்படி அலைந்திருக்கின்றன. அதனால் சீக்கிரம் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போ. உயில் பற்றி நீ வாயே திறக்காதே. அப்பா பேசட்டும். நீ பேசினால் அது வேறு மாதிரி தெரியும்.

டெபாசிட்டுகளுக்கு உன்னை நாமினியாகப் போட்டிருப்பதும் எனக்குத் தெரியும். நாமினி என்றால் வங்கியிடமிருந்து பணத்தை வாங்குகிற ஆள், வாரிசு இல்லை. 2010-இல் உச்ச நீதிமன்றம் வங்கி டெபாசிட் வழக்கிலேயே இதைச் சொல்லியிருக்கிறது. மாமாவின் தம்பி பிள்ளைகள் இன்று உன்னைப் பார்த்துச் சிரித்துப் பேசுகிறார்கள். நாளைக்கு அவர்கள் கேட்கப் போவது பாஸ்புக்கைத்தான்.

அதனால் வாடகையை இந்த மாதமே அத்தை கணக்குக்கு மாற்றிவிடு. ஒரு நோட்டுப் போடு. ரசீதுகளைத் தூக்கிப் போடாதே. முதலிலேயே சொன்னேன், ஆனாலும் மறுபடி சொல்கிறேன், அத்தை பணம் அத்தை கணக்கில்.

இவ்வளவையும் பொதுவாக எழுதுவதாக நடித்து எனக்கே அலுத்துவிட்டது. மனைக்குக் கொடுத்த முன்பணம் உன் சம்பளப் பணம்தானா? ஆம் என்றால் ஒரு வரி போதும், இந்தப் பேச்சை மறுபடி எடுக்கமாட்டேன். இல்லையென்றால் எவ்வளவு என்று சொல். என் டெபாசிட் ஒன்று அடுத்த மாதம் முதிர்கிறது. அதை வாங்கி முதலில் அத்தை கணக்கில் போடு, எனக்கு நீ மெதுவாகத் தரலாம். ஆனால் அதையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். அப்பாவுக்கு நான் எழுதியது தெரியாது. பதிலை என் பெயருக்கே அனுப்பு.

அன்புடன்,
அம்மா