கனவுக்கு அடிக்கும் அடி

ஹட்டன்,
பொங்கல் கழிந்த மூன்றாம் நாள்.

அன்பு மச்சான்,

நலம். நீயும் நீலகிரிப் பந்தலூரில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கதைத்தால் போதாதா, ஏன் இந்தக் கடிதம் என்று கேட்பாய். போனில் நாம் கதைப்பதெல்லாம் ‘கேட்கிறதா?’, ‘கேட்கிறது, சொல்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்குள் பேத்தி வந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதோடு, நான் இன்று உன்னிடம் கேட்கப்போவதை வாயால் கேட்க எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. எழுதி வைத்தால் அவள் படமெடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

முதலில் ஊர்ப் புதினம். என் முழங்கால் பழையபடிதான். மழை விட்டுக் குளிர் பிடித்திருக்கிறது, காலையில் இஸ்தோப்பில் நின்றால் எதிர் லயத்து வரிசை வீடுகள் தெரியாது. டவுனில் கார்கள் பெருத்துவிட்டன. மாணிக்கப் பிள்ளையார் கோவில் பக்கம் நடந்து போகவே இடமில்லை. மார்கழிப் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலை சீசன் தொடங்கிவிட்டதால், வெசாக் வரை ராத்திரியில் தூக்கமும் கிடையாது. கோச்சி வந்து நின்றதும் கொழும்புப் பொடியன்கள் ரபான் மேளத்தோடு பைலா பாடிக்கொண்டே இறங்குகிறார்கள். ஒருவன் தொடங்க, பெட்டி முழுவதும் கைதட்டி வாங்கிக்கொள்கிறது. தொண்டை கட்டியவனும் பாடுகிறான், தாளம் தெரியாதவனும் தட்டுகிறான். போன வாரம் ஸ்டேஷனில் அவர்களைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றுவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, பாட்டென்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். பார்க்கிறவன் என்று தனியாக ஒருவன் இருக்கக் கூடாது.

நம் தேயிலைத் தோட்டத்தில் இந்த மாசிக்குக் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுகிறார்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு! முதலில் கொரோனா வந்தது, பிறகு சாமான் விலை ஏறியது, பிறகு இளந்தாரிகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், பிறகு யாரும் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. இந்த முறை தொடங்கியது பிள்ளைகள். தமிழ்த் தினப் போட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் பத்து நிமிடக் காமன் கூத்து ஆடிப் பரிசு வாங்கியிருக்கிறார்கள். வாங்கி வந்தவர்களில் ஒருத்தி, ‘தாத்தா, மிச்சக் கதை எங்கே?’ என்று என்னிடம் கேட்டாள். பத்து நிமிடத்தில் மன்மதன் கல்யாணம் முடித்து, சண்டை போட்டு, சாம்பலாகிவிடுகிறானாம். சாப்பாட்டு இடைவேளைக்கு முன் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னாராம்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நம் காலத்தில் அது அரை மாதக் கதை. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை பார்த்துக் கம்பம் ஊன்றினால் பௌர்ணமியில்தான் எரிப்பு. காப்புக் கட்டியவர்கள் விரதம் இருந்துகொண்டே பகலில் மலைக்கு வேலைக்கும் போய்வந்தார்கள். போகாவிட்டால் அரை நாள் சம்பளத்துக்கான அரைப் பேர்கூட விழாது. ராத்திரி லயம் லயமாக ரதியும் மன்மதனும் ஆடி வருவார்கள். பின்னால் பெட்ரோமாக்ஸ் தூக்கிக்கொண்டு நான். எனக்குக் கொடுத்த ஒரே வேஷம் அந்த விளக்குத்தான். எரிக்கிற ராத்திரி பெண்டுகள் ரதியோடு சேர்ந்து அழுத அழுகை நடிப்பில்லை. ரதி மன்மதனுக்கு அழத் தொடங்கினால் ஒருத்தி கப்பலேறிய அண்ணனுக்கு அழுவாள், ஒருத்தி கொள்ளை நோயில் போன பிள்ளைக்கு அழுவாள். விடியக்காலை ஐந்து மணிக்கு எல்லோரும் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் போய் நிற்பார்கள்.

இந்த முறை ரதியும் பெண்பிள்ளைதான். மீசை மழித்த ரதிதான் மரபு என்று இரண்டு கிழவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நான் பிள்ளை பக்கம் நின்றேன். அவள் பாடினால் தண்ணீர்ப் பீலிக்கரை வரை கேட்கிறது, மீசை மழித்தவர்கள் யாருக்கும் அந்தக் குரல் இருந்ததில்லை. கூட்டம் முடிந்ததும் என்னை ‘மாஸ்டர்’ ஆக்கிவிட்டார்கள். காரணம் என் திறமை இல்லை, உயிரோடு இருப்பவர்களில் நான்தான் மூத்தவன். பழைய மாஸ்டரின் கொப்பி அவர் மகன் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. கூரைத் தகரம் ஒழுகி நாலு பக்கம் ஒட்டிப்போயிருந்தாலும், ஆவியில் காட்டிப் பிரித்துப் பாட்டை எடுத்துவிட்டோம்.

பாட்டு கிடைத்துவிட்டது மச்சான். அடி கிடைக்கவில்லை.

பெடியன்கள் கெட்டிக்காரர்கள், குறை சொல்ல மாட்டேன். நாலு பேர் தப்புப் பறை வாங்கி வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் தோல். நம் பனிக்கு அது தொய்வதே இல்லை, வைக்கோல் கொளுத்திக் காய்ச்ச வேண்டிய வேலையும் இல்லை. ஆனால் யூடியூபில் பார்த்துப் பழகியதால் எல்லாவற்றுக்கும் ஒரே அடி, ஒரே வேகம். தூதன் வந்தாலும் அதே, கல்யாணத்துக்கும் அதே, வீரபத்திரன் வந்தாலும் அதே. ரதி கெட்ட கனவு கண்டு எழுந்து, ‘போகாதே’ என்று புருஷன் காலைப் பிடிக்கிற இடத்திலும் குதித்துக் குதித்து அடிக்கிறார்கள். பாடுகிற பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டு, ‘தாத்தா, இந்தச் சத்தத்தில் எனக்குப் பயம் வரவில்லை’ என்றாள்.

அந்த இடத்துக்கு உன் அப்பா ஓர் அடி வைத்திருந்தார். மெல்ல மெல்ல வரும். நடுவில் ஓர் அடி விழ வேண்டிய இடத்தில் விழாது. நாம் மூச்சைப் பிடித்துக் காத்திருப்போம், பிறகு விழும். அது என் காதில் இருக்கிறது, கைக்கு வரவில்லை. மேசையில் தட்டிப் பார்த்தேன். பெடியன்கள் மரியாதைக்குச் சிரிக்காமல் இருந்தார்கள்.

நம் ஊர்ப் பாட்டுக்கு எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகத் திரிந்து கொழுந்து கிள்ளுகிறவர்கள் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் சேர்த்தார். அவருக்கும் முன்னால் கோ. நடேசய்யர் 1931இல் இதே ஹட்டனில் தொழிற்சங்கம் கட்டியபோது, அவர் மனைவி மீனாட்சியம்மாள் தானே பாட்டெழுதிக் கூட்டத்தில் பாடுவார், அச்சடித்துக் கொடுப்பார். மேடைப் பேச்சு விளங்காத சனத்துக்கு அந்தப் பாட்டு விளங்கியது என்று என் அப்பாயி சொல்லுவாள். அதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. தப்படித்தவர்களின் அடியை யாரும் எழுதவில்லை. அது எழுதுகிற சங்கதி என்றே ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஐம்பது வருடமாக நாம் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

உன் அப்பாதான் தோட்டத்தை எழுப்புவார். இருட்டோடு பெரட்டுத் தப்பு அடித்துக்கொண்டு அவர் மேட்டில் ஏறினால்தான் நாங்கள் எல்லாம் போர்வையை விலக்குவோம். பிள்ளை பிறந்தால் அவர், வயசுக்கு வந்தால் அவர், செத்தால் அவர், சாமிக்கு அவர், காமனுக்கு அவர். அவர் கை படாமல் எங்கள் வீட்டில் ஒரு காரியமும் நடந்ததில்லை. அப்படி அடித்துக் களைத்து வந்தவருக்கு என் அப்பாயி தேத்தண்ணீர் கொடுத்தது சிரட்டையில். அதுவும் இஸ்தோப்புக்கு வெளியே. நான் உன்னோடு ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவன்தான். ஆனால் அது பள்ளிக்கூடத்தில். வீட்டில் அந்தச் சிரட்டையைக் கழுவிக் கூரைக் கம்பில் மாட்டி வைக்கிற வேலை என்னுடையது. அதை நீ பார்த்திருக்கிறாய். பார்க்காத மாதிரி பீலிப் பக்கம் திரும்பிக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள், தோட்டத்துச் சனத்தில் இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று. 5,25,000 பேரை இந்தியா எடுக்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க வேண்டும். நம் லயத்தில் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்களில் உன் அப்பா முதல் ஆள். ஏன் இவ்வளவு அவசரம் என்று எல்லோரும் கேட்டார்கள். ‘அங்கே போனால் நான் யாரென்று யாருக்கும் தெரியாது’ என்றார். அப்போது அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

நீங்கள் 1974இல் கோச்சியேறிய அன்று ஸ்டேஷனில் நடந்ததை மறக்க முடியுமா? பெட்டிக்குள்ளும் ஒப்பாரி, வெளியேயும் ஒப்பாரி. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததாக நீ எழுதிய கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது. அதில் ஒரு வரி எனக்கு மனப்பாடம்: ‘அப்பா தப்பைக் கொண்டுவரவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்துவிட்டார்.’ நான் அன்றே ஓடிப் போய்த் தேடினேன். இல்லை. இதை இதுவரை உனக்குச் சொல்லவில்லை.

அந்த வருடக் காமனுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் பிடித்து வந்தார்கள். நன்றாகத்தான் அடித்தான். கனவு வந்த இடத்தில் என் அம்மா மட்டும், ‘என்ன, ஒன்றும் தெரியவில்லையே’ என்றாள். அவ்வளவுதான். ஊர் அதோடு பழகிக்கொண்டது.

இப்போது தப்புக்கு மரியாதை வந்திருக்கிறது. 2023இல், நாம் இந்த மலைக்கு வந்து 200 வருடமானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சனம் நடந்தது. அந்த வருடம் எந்த மண்டபத்தில் எந்த விழா வைத்தாலும் முதல் நிகழ்ச்சி தப்புத்தான். எங்கள் அடையாளம் என்று மைக்கில் சொல்கிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியபோது என் கையைப் பார்த்தேன் மச்சான். சிரட்டை கழுவிய கை.

பேத்திக்கு இதெல்லாம் தெரியாது என்றுதான் இருந்தேன். கடிதத்தைப் படமெடுக்கிறபோது படித்துவிடுவாள். படிக்கட்டும்.

சரி, கேட்டுவிடுகிறேன். உன் அப்பா உனக்கு அடி சொல்லிக் கொடுத்தார். ஏழு வயதிலேயே நீ அவர் பக்கத்தில் நின்று சின்னத் தப்பு அடித்தவன். அங்கே போன பிறகு அவர் ஒரு நாளும் கையில் எடுக்கவில்லை என்றும், உன்னையும் எடுக்கவிடவில்லை என்றும் சொல்லியிருக்கிறாய். உன் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ. நீ மாட்டேன் என்றால், எனக்கு அதில் ஒரு வார்த்தை கேட்க உரிமை இல்லை. பெடியன்களிடம் ‘அந்த அடி ஊரில் இல்லை’ என்று மட்டும் சொல்வேன். ரதி அந்த இடத்தில் தப்புச் சத்தம் இல்லாமல் பாடுவாள். அதற்கும் பழகி வைத்திருக்கிறோம்.

மனம் வந்தால், தப்பு வேண்டாம், தகரப் பெட்டியோ மரப்பலகையோ போதும். கனவுக்கு அடிக்கிற அடியை மட்டும் இரண்டு நிமிடம் அடித்துப் போனில் பதிந்து அனுப்பு. அந்த விழாத அடியை அவசரப்பட்டு அடித்துவிடாதே, பெடியன்கள் கேட்டுப் பழக வேண்டும். அடிப்பவன் பெயரைச் சொல்லட்டுமா, வேண்டாமா என்றும் எழுது. சொல்லலாம் என்றால், கம்பம் ஊன்றுகிற அன்று உன் அப்பா பெயரைச் சொல்லித்தான் முதல் அடி விழும். அதை நான் கூட்டத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். இரண்டு கிழவர்களும் வாய் திறக்கவில்லை.

மாசி அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கிறது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். உன் இருமலுக்குப் பனங்கற்கண்டு போட்டு மிளகுத் தண்ணீர் குடி, அங்கேயும் நம் குளிர்தானே.

இப்படிக்கு,
உன் பெட்ரோமாக்ஸ்காரன்

பின்குறிப்பு: உங்கள் குடியிருப்பில் காமன் ஊன்றுகிறார்களா என்று போன முறையே கேட்டேன், நீ கொழுந்து விலையைச் சொல்லித் தப்பித்துவிட்டாய்.