நூறு கிலோமீட்டர் வேகம் இருக்கட்டும், டிக்கியைத் திறந்து பார்த்தீர்களா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் வாகனப் பக்கத்தில் சிறிய செடான் கார்களை, அதாவது பின்னால் தனி டிக்கி உள்ள தாழ்வான கார்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடுகிறது, திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் விவரமாக இருந்தது. கடைசியில், செடான் காலம் முடிந்துவிட்டது, இனி உயரமான வண்டிகள்தான் என்று ஒரு தீர்ப்பும் இருந்தது.

அந்த ரகத்தில் விலை குறைந்த ஒரு வண்டியைத்தான் நான் தினமும் ஓட்டுகிறேன். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுவது, அலுவலகம் போவது, மாமியாரை மருத்துவரிடம் கூட்டிப் போவது எல்லாம் அதில்தான். பூஜ்யத்திலிருந்து நூறுக்குப் போக வேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை. பூஜ்யத்திலிருந்து பத்துக்கு ஒழுங்காகப் போனால் போதும்.

நெரிசலில் எங்கள் பிழைப்பு முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில்தான் ஓடுகிறது. கிளட்சிலிருந்து காலை மெல்ல எடுத்தால், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஊர வேண்டும். என்னுடையது ஊர்கிறது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ இல்லாத பழைய பாணி நான்கு சிலிண்டர் எஞ்சின் அது. உங்கள் கட்டுரையில் இந்த வகை எஞ்சினுக்கு 'சுவாரஸ்யமற்றது' என்று பட்டம் கொடுத்திருந்தீர்கள். என் தோழியிடம் இருப்பது சின்ன டர்போ எஞ்சின். காகிதத்தில் அதற்குத்தான் சக்தி அதிகம். ஆனால் டர்போவைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்தப் புகையில் வேகம் இருப்பதில்லை. அதனால் அவள் வண்டி இரண்டாம் கியரில் கொஞ்சம் திணறும், அப்புறம் திடீரென்று பாயும். முன்னால் நிற்பவர் பம்பர் மீது அக்கறை உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமா?

ஏ.சி.க்குத் திருகும் குமிழ் இருப்பதையும் குறையாக எழுதியிருந்தீர்கள். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையால் தடவியே ஏ.சி. காற்றின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். திரையில் அப்படித் தடவிப் பார்த்துச் செய்ய முடியுமா, சொல்லுங்கள்.

இப்போது டிக்கிக்கு வருகிறேன். 'இத்தனை லிட்டர்' என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். பல நிறுவனங்கள் அதை ஒரு லிட்டர் அளவுள்ள கட்டைகளை உள்ளே அடுக்கித்தான் கணக்கிடுகின்றன. கட்டை சந்துபொந்தெல்லாம் நுழையும், பெட்டி நுழையாது. என் வண்டியில் உள்ளே இடம் தாராளம், ஆனால் டிக்கியின் வாய் குறுகல். மூடியைத் தாங்கும் வளைந்த இரும்புக் கம்பிகள் இரண்டு, மூடும்போது உள்ளே இறங்குகின்றன. மாமியாரின் கெட்டிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தால் ஒரு கம்பி அதன் விளிம்பில் 'டொக்' என்று இடித்து நிற்கும். பெட்டியைக் குறுக்கே படுக்கவைத்து, கம்பிகளுக்கு நடுவில் தள்ளினால்தான் பூட்டு விழும். கம்பிக்குப் பதிலாக வாயு நிரப்பிய தாங்கிகள் உள்ள வண்டியில் இந்தத் தொல்லை கிடையாது. கடையில் பார்க்கும்போது காலி டிக்கியைத் திறந்து மூடிக் காட்டுவார்கள். அதில் இது தெரியாது.

இருந்தாலும் தனி டிக்கியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. சாமான் வாடை உள்ளே வருவதில்லை. அவசரமாக பிரேக் அடித்தால் பெட்டி பிள்ளைகளின் தலைக்கு மேல் பறந்து வராது, பின்னிருக்கை நடுவில் நின்று தடுக்கும். பின்பக்கம் செங்குத்தான வண்டிகளில் கண்ணாடியில் தூசு சுழன்று வந்து படியும், அதற்குத் தனி வைப்பர் வேண்டும். எனக்கு அந்த வேலையும் இல்லை.

உயரமான வண்டிக்கு ஒரு விஷயத்தில் என் வாக்கு உண்டு. மாமியாருக்கு முழங்கால் வலி. செடானில் உட்காருவது அவருக்குச் சுலபம், எழுந்திருப்பதுதான் பாடு. கூரை பின்னால் சரிவதால் தலையையும் குனிய வேண்டும். முன்னிருக்கையை உயர்த்தி, அவரை அங்கே உட்கார வைத்துச் சமாளிக்கிறோம். ஐந்து பேர் ஏறினால் வேகத்தடையில் அடிப்பக்கம் உரசுவதும் உண்மை.

ஆனால் நெடுஞ்சாலையில் இந்தத் தாழ்வுதான் காப்பாற்றுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60-லிருந்து 90-க்குப் போனால் இரண்டேகால் மடங்கு! நிமிர்ந்து நிற்கும் வண்டி அதை மார்பால் வாங்குகிறது, அந்தச் செலவு எரிபொருளில்தான் விழும். செடான் வளைவுகளில் சாய்வதும் குறைவு, பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்குக் குமட்டல் வருவதில்லை. மைலேஜ் விஷயத்தில், நீங்கள் நீண்ட சாலையில் ஓட்டிச் சொன்ன எண் என் வாழ்க்கையில் வராது. பள்ளிக்குப் போகும் தூரத்தில் எஞ்சின் சூடாகவே நேரம் போய்விடும், சூடாகும் வரை அது கூடுதலாகத்தான் குடிக்கும்.

எதிர்காலம் இல்லை என்ற தீர்ப்பு பற்றி ஒரு சொல். 1966-ல் ஜப்பானில் வந்த முதல் டொயோட்டா கொரோலா, 1077 சி.சி. எஞ்சினும் நான்கு மீட்டருக்கும் குறைந்த நீளமும் கொண்ட சின்ன செடான்தான். அந்தப் பெயர் இன்னும் விற்கிறது.

அடுத்த விமர்சனத்துக்குப் போகும் உங்கள் நிருபர் ஒரு பெரிய பெட்டியையும், முழங்கால் வலியுள்ள ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகட்டும். டிக்கி வாயின் அகலம், தரையிலிருந்து பின்னிருக்கையின் உயரம் இரண்டையும் அளவுநாடா வைத்து அளந்து போடுங்கள். ஸ்டெப்னி மற்ற சக்கரங்களின் அளவுதானா, அல்லது மெதுவாக மட்டுமே ஓட்டக்கூடிய மெலிந்த சக்கரமா என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி