பழகாத இசைக்குக் கால் பழக்குவது பற்றி

அன்புள்ள மகளுக்கு,

ஸ்விங் என்ற ஜாஸ் இசைக்கே ஆடிச் சலித்துவிட்டதால் இனி நாளுக்கொரு வகை இசையை ஒலிக்கவிட்டு, தகடு பதித்த காலணியால் தரையைத் தட்டி ஆடும் உன் டாப் நடனத்தைப் பயிற்சி செய்யப்போவதாக எழுதியிருந்தாய். எண்ணம் நல்லது, நாளுக்கொன்று என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி ஆடினால், எந்த இசை ஒலித்தாலும் உன் கால்கள் ஏற்கெனவே அறிந்தவற்றையே அதன்மேல் தட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். ஒரே வகையோடு சில வாரங்களாவது தங்கியிரு. தொடக்கத்தில் டாப் காலணியை மாட்டாமல், கையால் தாளம் போட்டபடி கேட்பதை மட்டும் செய்.

தாளத்தின் ஓர் அடி, அதாவது ஓர் எண்ணிக்கை, உள்ளுக்குள் எப்படிப் பிரிகிறது என்பதை முதலில் கவனி. ஸ்விங்கில் பெரும்பாலும் அடியை மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டு பங்கைச் சேர்த்து நீட்டி, மூன்றாவதைக் குறுக்கி வைக்கிறோம். பாதத்தை முன்னும் பின்னும் வீசி இரண்டு ஒலி எழுப்பும் உன் ஷஃபிள் அந்த ஊசலிலேயே ஊறியது. கியூப இசையில் அடி பெரும்பாலும் சமமாகப் பிரிவதால், அங்கே அதே ஷஃபிளை வைத்தால் இரண்டாவது ஒலி பிந்திப்போய்த் தாள வாத்தியங்களோடு உரசும். அங்கே கிளாவே என்றொரு முதுகெலும்பும் உண்டு: ஐந்து தட்டுகள், சுற்றின் ஒரு பாதியில் மூன்று, மறுபாதியில் இரண்டு. இடக் குதிகாலில் அதை நிறுத்தாமல் வைத்துக்கொண்டு வலக்காலை மட்டும் விடுவித்து ஆடிப் பார்; எரிச்சலூட்டும் பயிற்சிதான், ஆனால் நீ தொடங்கும் சொற்கட்டு எந்தப் பாதியில் விழுகிறது என்பதைக் கால் தானே உணரத் தொடங்கும்.

ஏழு எண்ணிக்கையில் ஓடும் பல்கேரிய நாட்டுப்புற நடன இசையான ராச்செனிட்சாவைக் கேட்டால், எட்டுக்குப் பழகிய டைம் ஸ்டெப் என்ற டாப் சொற்கட்டின் வாலை வெட்டிப் பொருத்தத் தோன்றும். அதைச் செய்யாதே. ராச்செனிட்சாவின் அமைப்பு இரண்டு, இரண்டு, மூன்று. வாயால் சொன்னால் தக தக தகிட. பாதத்தை முன்னே உரசி ஊன்றும் ஃபிளாப் இரண்டு ஒலி, ஷஃபிளோடு ஒரு ஸ்டெப் மூன்று ஒலி. ஆகவே இரண்டு ஃபிளாப்பும் ஒரு ஷஃபிள் ஸ்டெப்பும் சேர்ந்தால் ஏழு நிறைகிறது. மூன்று முறை எடை மாறுவதால் அடுத்த சுற்று தானாகவே மறு காலில் தொடங்கும் என்பது இதில் எனக்குப் பிடித்த அழகு. எண்களை எண்ணாதே, சொற்கட்டைச் சொல். எண்கள் வேகத்தில் நாக்கில் தடுக்கும்.

தாள வாத்தியமே இல்லாத, மெதுவான இசைதான் எல்லாவற்றிலும் கடினம். வயலின் ஒரு ஸ்வரத்தை நீட்டலாம். உன் காலணியின் உலோகத் தகட்டின் ஒலியோ பிறந்த உடனே இறந்துவிடும். அந்த வெற்றிடத்துக்கு அஞ்சி நீ கிராம்ப் ரோல்களால், அதாவது முன்பாதமும் குதிகாலும் மாறி மாறி உருட்டும் வேகமான தட்டல்களால், நிரப்புவாய் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக டாப் கலைஞர் ஜிம்மி ஸ்லைடு சறுக்குவதைப் பழைய காணொளிகளில் பார்: தட்டாமலே தரையில் ஒரு நீளமான கோடு இழுக்கிறார்.

இவையெல்லாம் டாப்பின் மரபுக்கு வெளியே என்று உன் தோழி சொன்னதைப் பொருட்படுத்தாதே. டாப் கலைஞர்களான ஜான் பபிள்ஸ் குதிகாலைக் கீழே இறக்கித் தாளத்தைச் சிக்கலாக்கியதும், பேபி லாரன்ஸ் பீபாப் என்ற விரைவான ஜாஸ் வகையின் வேகத்தோடு காலால் உரையாடியதும், பால் டிரேப்பர் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசைக்கு ஆடியதும் மரபுக்குள்தான் இருக்கின்றன. அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் கூல்ட் 1952இல் டாப் கலைஞரையும் இசைக்குழுவையும் சேர்த்து ஒரு கான்செர்ட்டோவே எழுதினார். அதில் காலின் தாளம் இசைக்குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது, அசைவுகள் ஆடுபவரின் பொறுப்பு.

இசையைக் காதொலிப்பானில் மட்டும் கேட்டுக்கொண்டு ஆடி, தரையின் ஒலியை மட்டும் பதிவு செய்து எனக்கு அனுப்பு. எந்த இசைக்கு ஆடினாய் என்று சொல்லாதே. கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா