செயலாளர் ஆண்டறிக்கை: அடிக்கல் வச்சா மட்டும் போதுமா

எல்லாருக்கும் வணக்கம். நம்ம சங்கப் பொதுக்கூட்டத்துல வாசிச்ச அறிக்கைதான், அன்னைக்கு மைக் படுத்தின பாட்டுல பின்வரிசைக்கு ஒண்ணுமே கேக்கலன்னு சொன்னாங்க, அதனால டைப் பண்ணி அனுப்புறேன். எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே அடிச்சது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

செயற்குழு வழக்கம்போல கூடிச்சு, பொங்கல் நடந்துச்சு, தீபாவளி விருந்து நடந்துச்சு, பிரியாணி பத்தலங்கிற புகாரும் வழக்கம்போல வந்துச்சு. இந்த வருஷம் உருப்படியா செஞ்சதுன்னா எனக்குத் தெரிஞ்சு ராஃபிள்ஸ் பள்ளி வாக், அதாவது சிங்கப்பூர்ல அந்தப் பள்ளிக்கூடம் முதல்ல இருந்த இடத்த நடந்து பாத்தது, அது ஒண்ணுதான், அதனால அதக் கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

பிராஸ் பசா ரோடு, ராஃபிள்ஸ் சிட்டி மால் வாசல்ல கூடச் சொல்லியிருந்தோம். "பள்ளிக்கூடம் பீஷான்லல்ல இருக்கு, ஷாப்பிங்குக்கா கூட்டிட்டு வந்தீங்க"ன்னு பாதிப்பேர் கேட்டாங்க. பீஷானுக்குப் போனது 1990ல, அதுக்கு முன்னாடி 1972லேருந்து கிரேஞ்ச் ரோடு, அதுக்கும் முன்னாடி நூறு வருஷத்துக்கு மேல இந்த மால் நிக்கிற மண்ணுலதான் பள்ளிக்கூடம். அறுபதுகள்ல அங்க படிச்ச நம்ம மூத்த உறுப்பினர் ஒருத்தர் எஸ்கலேட்டர் பக்கம் நின்னு பழைய போட்டோவ இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு, "கடல் அந்தப் பக்கம், அப்ப எங்க வகுப்பு இங்கதான் வரணும் தம்பி"ன்னு ஒரு கைப்பைக் கடையக் காட்டினாரு. கடைப் பொண்ணு உடனே "வாங்க அங்கிள், டிஸ்கவுண்ட் போகுது"ன்னுச்சு. அவரும் உள்ள போயி ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வந்தாரு.

அப்புறம் கதைக்கு வந்தோம். வரி இல்லாத துறைமுகம்னு 1819ல ஆரம்பிச்ச ஊரு, கப்பல் வர வர ஆள் சேந்து 1824 கணக்கெடுப்புல 10,683 பேர் ஆயிடுச்சு. இந்த ஊருக்குக் கிடங்கு மட்டும் இருந்தா பத்தாது, வட்டாரத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைங்க படிக்கவும் இங்குள்ள மொழிகள ஆராயவும் ஒரு இடம் வேணும்னு, இந்த ஊர ஆரம்பிச்சு வச்ச ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் 1823 ஏப்ரல் 1ஆம் தேதி கூட்டம் போட்டு நன்கொடை திரட்டினாரு. அவரு 2,000 வெள்ளி, கிழக்கிந்தியக் கம்பெனி 4,000 வெள்ளி, எல்லாம் சேத்து 17,495 வெள்ளி. நம்ம பொருளாளர் அந்த நம்பரப் பாத்ததும் "இன்னொரு அஞ்சு வெள்ளி குடுக்க ஆளில்லையா"ன்னு கேட்டாரு, பாவம், அவரு கவலை அவருக்கு.

ஜூன் 5ஆம் தேதி அடிக்கல் வச்சாரு, 9ஆம் தேதி கப்பல் ஏறிட்டாரு, அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்ல, 1826ல இங்கிலாந்துல போய்ச் சேந்துட்டாரு. அடுத்து ஊர நிர்வாகம் பண்ண வந்த கிராஃபர்டு, எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைங்களுக்கு முதல்ல தொடக்கப்பள்ளி வேணும், இவ்வளவு பெரிய நிலையத்துக்கு இப்ப என்ன அவசரம்னு நினைச்சவரு. அவர வில்லனாப் பேசுறவங்க உண்டு, எனக்கென்னமோ அவரு பக்கமும் நியாயம் இருக்குன்னுதான் தோணுது. மலாக்காவுல இருந்த ஆங்கிலோ சீனக் கல்லூரிய இங்க கொண்டுவந்து சேக்கிற யோசனையும் படுத்துடுச்சு, கட்டடம் பாதியில நின்னுச்சு. 1834ல டாராங்கிற பாதிரியார் இலவசப் பள்ளி ஒண்ணு தொடங்கி, அது பிற்பாடு இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து, கட்டடம் ஒருவழியா முடிஞ்சது 1837ல. கல்லு வச்சதுக்கும் முடிச்சதுக்கும் நடுவுல 14 வருஷம்! ராஃபிள்ஸ் பேர வச்சதே 1868லதான். இங்க படிச்சவங்கன்னு முதல் அதிபர் யூசோஃப் இஷாக், முதல் பிரதமர் லீ குவான் யூ, யாழ்ப்பாணத்துல பிறந்த முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம்னு பேர் பேரா அடுக்குறோம், அதெல்லாம் எவ்வளவோ பின்னாடி.

அதே 1823ல சவுத் பிரிட்ஜ் ரோட்டுல கோயிலுக்குன்னு கிடைச்ச இடத்துல நாராயண பிள்ளை 1827லயே மாரியம்மன் கோயில எழுப்பிட்டாரு, பலகையும் அத்தாப்பு ஓலைக் கூரையும்தான், ஆனா நடக்க ஆரம்பிச்சுடுச்சு. இதச் சொன்னதும் ஒரு அக்கா "அப்ப நாமளும் அத்தாப்புலயே ஆரம்பிச்சிருக்கலாம்"னு என்னப் பாத்துச் சொன்னாங்க. குத்தல் புரிஞ்சுது. நம்ம தமிழ் துணைப்பாட வகுப்புக்குப் போன வருஷம் ரிப்பன் வெட்டி போட்டோவும் எடுத்தாச்சு, இன்னைக்கு வரைக்கும் வாத்தியார் கிடைக்கல, வெள்ளைப் பலகை மட்டும் என் வீட்டுல ஷூ ராக்குக்குப் பின்னாடி நிக்குது. தப்பு என்னோடதுதான், ஒத்துக்கிறேன். ராஃபிள்ஸ்கிட்ட எழுத்தரா இருந்த முன்ஷி அப்துல்லா, மலாக்காவுல தன்னச் சின்ன வயசுல தமிழ் படிக்க அனுப்பினாங்க, கணக்குவழக்குக்கும் வியாபாரிங்ககிட்ட பேசவும் அது வேணும்னு அவரே எழுதி வச்சிருக்காரு. அந்தக் காலத்துல மத்தவங்களே நம்ம மொழியத் தேடி வந்து படிச்சிருக்காங்க, நாம சனிக்கிழமை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள் தேடிக்கிட்டு இருக்கோம்.

கணக்கு தணிக்கை முடிஞ்சுது, பொருளாளர் தனியா அனுப்புவாரு. சந்தா பாக்கி இருக்கறவங்க இந்த மாசத்துக்குள்ள கட்டிடுங்க. வாக் அன்னைக்கு மழையில மாத்தி எடுத்துட்டுப் போன நீலக் குடை யார்கிட்டயோ இருக்கு, அது என் மாமியாரோடது, தயவுசெஞ்சு சொல்லுங்க. வகுப்பு அடுத்த சனிக்கிழமை காலையில 10 மணிக்கு அடுக்குமாடிக்குக் கீழ திறந்தவெளியா இருக்கிற வாய்ட் டெக்லயே ஆரம்பிக்கிறோம், வாத்தியார் கிடைக்கிற வரைக்கும் நானே உக்காந்து பாக்குறேன்.