அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. அறிவியல் கண்காட்சியிலும் கலை விழாவிலும் பிள்ளைகள் ஆர்வத்தோடு கலந்துகொண்டார்கள். காப்பி பறிப்புக் காலத்திலும் பிள்ளைகளைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தனி நன்றி. பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு ஜனவரியிலும் தொடரும்.

கால்பந்து அணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறுவட்டப் போட்டிக்குச் சேலம் இறங்கிய நம் பிள்ளைகள் மனம் நிறைய ஆடினார்கள். கோட்டுக்கு வெளியே நடந்ததுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. "எங்க பையனை ஏன் சார் இறக்கல?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஆட்டம் நடக்கும்போதே பி.டி. சாரைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டதும், நடுவரை ஒருமையில் பேசியதும் சரியா? மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்திருந்த அந்தப் பையன் தன் அப்பாவைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு ஜிம்மி ஆர்ம்ஃபீல்டு பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். இங்கிலாந்துக்காரர். பிளாக்பூல் அணிக்கு மட்டும் 627 ஆட்டங்கள் ஆடியவர். நாட்டு அணிக்கு 43 ஆட்டம், அதில் 15-இல் கேப்டன். 1962-இல் சிலியில் நடந்த உலகக் கோப்பையில், வலப்பக்கத் தடுப்பாட்டத்தில் உலகிலேயே சிறந்தவர் என்று பெயர் வாங்கினார். 1964-இல் பலமாக அடிபட்டது. அவர் இடம் ஜார்ஜ் கோஹனுக்குப் போனது. 1966-இல் சொந்த நாட்டிலேயே உலகக் கோப்பை. 22 பேர் பட்டியலில் அவர் பெயர் இருந்தும் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. இங்கிலாந்து கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் ஆடிய 11 பேருக்குத்தான் அன்று பதக்கம். அவர் கைக்குப் பதக்கம் வந்தது 2009-இல், 73 வயதில்.

அதுவரை அவர் முடங்கிக் கிடக்கவில்லை. பயிற்சியாளரானார்; 1975-இல் லீட்ஸ் அணியை ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். பிறகு பிபிசி வானொலியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல், மைதானத்துக்கு வர முடியாதவர்களுக்கு ஆட்டத்தை விளக்கிச் சொன்னார். 2018-இல் அவர் காலமாகும்வரை அந்தக் குரலுக்கு இருந்த மரியாதை குறையவில்லை. ஆட்டத்தை வெளியிலிருந்து பார்த்துப் படிப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால்தான் பயிற்சி ஆட்டங்களில் வெளியே இருக்கும் பிள்ளைகளிடம் மைக்கைக் கொடுத்து வர்ணனை செய்யச் சொல்கிறோம். பனி இறங்கி அந்தப் பக்கத்துக் கோல் கம்பம் மறைந்துவிட்ட ஒரு மாலையில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொல்லச் சொல்லத்தான் எங்களுக்கே ஆட்டம் புரிந்தது. யார் எங்கே நகர்கிறார்கள் என்று அவ்வளவு கவனித்திருந்தாள். அடுத்த வாரம் நடுக்களத்தில் ஆடியவள் அவள்தான்.

பதினொருவரைத் தேர்ந்தெடுப்பது பி.டி. சாரின் பொறுப்பு. அதில் நானும் தலையிடுவதில்லை, யாரும் தலையிடக் கூடாது. குறை இருந்தால் திங்கள்கிழமை மாலை என் அறைக்கு வாருங்கள். அவரையும் வைத்துக்கொண்டு பேசலாம். போட்டி நாளில் பேச வேண்டாம். இனி ஆசிரியரையோ நடுவரையோ தகாத வார்த்தையில் பேசுபவர் யாராக இருந்தாலும் மைதானத்தை விட்டு வெளியே போகத்தான் வேண்டும். அதற்காக அவர் பிள்ளைக்கு அணியில் எந்தக் குறையும் வராது.

இதைச் சொல்லும்போதே, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிள்ளைகளைப் பத்திரமாக இறக்கி ஏற்றிய ஜீப் ஓட்டுநர்களை நினைத்துக்கொள்கிறேன். விடியற்காலையில் எல்லாருக்குமாகப் புளிசாதம் கட்டிக் கொடுத்த அம்மாக்களையும், எதிரணி கோல் போட்டபோதும் கைதட்டிய அப்பாக்களையும் மறக்க முடியாது. உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

பள்ளி திறந்ததும் மாலை நான்கு மணிக்குப் பயிற்சி தொடங்கும். குளிர் அதிகம், ஸ்வெட்டர் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஏற்காடு